சாமிக்கு முதுகு காட்டிய யானை

திருத்தணியில் மொட்டை போட்டவர்கள் தலையில் சந்தனம் பூசாமல் மலை ஏறமாட்டார்கள். கத்தி பட்ட தோலுக்குக் குளிர்ச்சி என்பது ஒரு காரணம். எங்கள் ஊர்ச் சாமிக்கே சந்தனம்தான் விசேஷம் என்பது இரண்டாவது. சந்தனம் பூசாத மொட்டை பார்க்க நன்றாக இருக்காது என்பது மூன்றாவது. இந்த மூன்று காரணங்களை நம்பித்தான் எங்கள் குடும்பம் சாப்பிட்டது.

நைனா சந்தன வில்லை வியாபாரம் செய்தார். சந்தனத் தூளோடு கொஞ்சம் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் சேர்த்துப் பன்னீரில் பிசைந்து, தட்டி, நிழலில் காயவைத்த சின்ன வட்டுதான் வில்லை. தண்ணீரில் குழைத்தால் ஒரு தலைக்கு ஒன்று போதும்; பெரிய தலையாக இருந்தால் ஒன்றரை. பிசைவதும் தட்டுவதும் அம்மா. கடையில் உட்கார்ந்து பேசுவது நைனா. பொட்டலக் காகிதத்தில் இருந்த யானையை வரைந்தது நான்.

நான் பட்டணத்தில் தங்கிப் படம் வரையும் தொழிற்பயிற்சி முடித்தவள். படம் என்றால் பூவும் கிளியும் அல்ல. பாலம், பாய்லர், தண்ணீர்த் தொட்டி. யுத்தத்துக்குப் பலர் போய்விட்டதால் அரக்கோணத்தில் ரயில்வே டிராயிங் ஆபீசில் எனக்கு டிரேசர் வேலை கிடைத்தது. இன்ஜினியர் பென்சிலால் வரைந்த படத்தின்மேல் கண்ணாடி மாதிரி தெரியும் டிரேசிங் துணியை விரித்து, கோடு பிசகாமல் மையால் எடுக்கவேண்டும். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். ஆக, பிறர் வரைந்ததை அப்படியே காப்பி அடிப்பதற்கு எனக்கு மாதாமாதம் சம்பளம் வந்தது. பின்னால் எங்களைக் காப்பி அடித்த ஒருவர்மேல் வீடே கொதித்துக்கொண்டிருந்த நாட்களில் இந்த விஷயத்தை நான் அதிகம் எடுத்துப் பேசவில்லை.

முதலில் நைனா பொட்டலத்தில் கடைப் பெயரைத்தான் அச்சடித்தார், தமிழில் ஒரு பக்கம், தெலுங்கில் ஒரு பக்கம். எங்கள் ஊருக்கு இரண்டு பாஷைக்காரர்களும் வருவார்கள்; இரண்டையும் படிக்காதவர்கள் அதைவிட அதிகம் வருவார்கள். ஊருக்குத் திரும்பிப் போய், "அந்தக் கடைச் சந்தனம் நல்லா இருந்துச்சு, நீயும் வாங்கு" என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்ல அவர்களுக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது.

"மயில் போட்டுடலாம்" என்றார் நைனா.

கடைத்தெருவை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வரச் சொன்னேன். போய்விட்டு வந்தார். மயில் மார்க் ஊதுபத்தி இருந்தது. மயில் மார்க் விபூதி, மயில் மார்க் சுருட்டு, மயில் மார்க் மூட்டைப்பூச்சி மருந்து எல்லாம் இருந்தன. வேலும் சேவலும் இதே கதை. ஒரே தெருவில் ஒரே மயில் இத்தனை வேலை பார்த்தால் அது யாருக்குத்தான் உண்மையாக இருக்கும்?

அப்போதுதான் யானை நினைவுக்கு வந்தது. எங்கள் மலைமேல் சாமிக்கு முன்னால் நிற்பது யானை. மற்ற ஊர்க் கோயில்களில் வாகனம் சாமியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இங்கே யானை சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்து நிற்கும். வெளியூர்க்காரர்கள்தான் ஏன் என்று கேட்பார்கள்; எங்களுக்கு யானை என்றாலே அப்படித்தான் நிற்கவேண்டும். நடுவில் ஒரு வேல், அதன் பக்கத்தில் வேலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு யானை என்று வரைந்தேன். கம்பாசும் வளைவுச் சட்டமும் வைத்து வரைந்ததால் அதன் முதுகு ரயில் பாலத்தின் வளைவு போல் அமைந்துவிட்டது. வால் நுனியில் ஒரு சொட்டு மை விழுந்து பரவியது. வேறு காகிதம் எடுக்கப் போனேன்.

அம்மா எட்டிப் பார்த்து, "வாலா இது? தொடப்பம் கணக்கா கீது" என்றாள்.

"கெடக்கட்டும்டி, அப்படியே கெடக்கட்டும்" என்றார் நைனா. "எல்லா யானைக்கும் வாலு கீது. தொடப்பம் எந்த யானைக்குக் கீது?"

யானை நன்றாக நடந்தது. கடைப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. தமிழ்க்காரர்கள், "சாமிகிட்ட கோச்சிகினு போற யானை குடுங்க" என்பார்கள். தெலுங்குக்காரர்கள் 'அலிகின ஏனுகு' என்பார்கள். அதுவும் கோபித்துக்கொண்ட யானைதான். இரண்டு பாஷைக்காரர்களும் தனித்தனியாக யோசித்து ஒரே முடிவுக்கு வந்ததில் நைனாவுக்குப் பெருமை. இந்தப் பெருமையை அவர் எதிர்க்கடைக்காரரிடம் தினமும் சொன்னது தப்பு.

எதிர்க்கடைக்காரர் வளையலும் குங்குமமும் விற்றுக்கொண்டிருந்தவர். நைனாவைப் 'பாவா' என்று கூப்பிடுவார். நைனாவும் அவரைப் 'பாவா' என்பார். உறவு எதுவும் கிடையாது. தெருவில் எதிரெதிரே உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒட்டிக்கொண்ட உறவு. அவர் முகத்தில் முக்கியமானது மீசை. அது இரண்டு பக்கமும் மேலே ஏறி, கன்னத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். காலையில் கடையைத் திறந்ததும் முதலில் அதற்குத்தான் எண்ணெய் போடுவார்; பிறகுதான் விளக்குக்கு.

ஒரு பங்குனியில் அவரும் சந்தன வில்லை போட்டார். முதலில் எங்களைப் போலவே மஞ்சள் காகிதம். அடுத்த வாரம் எங்களைப் போலவே சிவப்பு நூல் கட்டு. பிறகு நைனா எந்த ராகத்தில் ஆளைக் கூப்பிடுவாரோ அதே ராகம். கடைசியில் ஒருநாள் யானை வந்தது. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது: அவர் யானை வேலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இன்னா பாவா, யானை புதுசா கீதே?" என்று இங்கிருந்தே கேட்டார் நைனா.

"ஆங், சாமி குடுத்தது பாவா" என்றார் அவர், மீசையை நீவிக்கொண்டு. "உங்குளுது கோச்சிகினு போவுது. என்னுது ராஜி ஆயி திரும்பி வருது."

தெரு முழுக்கச் சிரித்தது. நைனாவும் சிரித்தார். நைனா சிரித்ததை அம்மா நெடுநாள் மன்னிக்கவில்லை.

சின்னத்தை ஏன் காப்பாற்றவேண்டும் என்பதில் அப்போது எங்கள் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. நைனாவுக்கு அது மானப் பிரச்சினை. ஆனால் நகைச்சுவைக்கு அப்புறம்தான் மானம். "சரக்கு நல்லா இருந்தா யானை இன்னாத்துக்கு?" என்பது அம்மாவின் கட்சி. நானோ, காப்பி சுத்தமாக இல்லையே என்று தொழில்முறையில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். யானை எதற்கு இருக்கிறது என்பது ஆடிக் கிருத்திகை நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் கடையில் இருந்தேன். நகரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மூன்று பேர் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்கள். நடுவில் நின்ற பெரியவர் மகள் கல்யாணத்துக்கு முன்னால் வேண்டுதலை முடிக்க வந்தவர். ஒரு பக்கம் அவர் தம்பி, மறுபக்கம் மகன். பெரியவர் துண்டை எடுத்தார். மற்ற இருவரும் எடுத்தார்கள்.

மூன்று தலையும் பச்சையாக இருந்தன. கிளிப்பச்சை அல்ல, மாங்காய் பழுப்பதற்கு முன்னால் இருக்குமே, அந்தப் பச்சை.

"ஏமண்டி இதி? இது தலையா, மாமிடிகாயா?" என்று ஆரம்பித்தார் பெரியவர். "பூசறப்ப மஞ்சளா இருந்துச்சு. மலை ஏறி வேர்த்துச்சு. எறங்கறப்ப இப்படி. கொளத்துல முங்கனோம், தேச்சோம், ஒண்ணும் போவல."

"ஐயா, இது நம்ப சரக்கு இல்லீங்க" என்றார் நைனா.

பெரியவர் மடியிலிருந்து காகிதத்தை எடுத்து நைனாவின் மூக்குக்கு நேரே பிடித்தார். "யானை கீதே!"

"யானை கீதுங்க. ஆனா எந்தப் பக்கம் பாக்குது பாருங்க."

"யானை எந்தப் பக்கம் பாத்தா எனுக்கு இன்னாயா? என் தலை எந்தக் கலர்ல கீது, அத்த நீ பாரு! வர்ற முகூர்த்தத்துல பொண்ணுக்குத் தாரை வாக்கணும். சம்பந்தி வூட்டுல இன்னா நெனப்பாங்க?"

"எனுக்குக் காது வரைக்கும் கீதுண்ணா" என்றார் தம்பி, எங்கள் கடைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே. "உனுக்குப் பரவால்ல."

கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் கடையில் வாங்குவதற்காக வந்தவர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள், தலைகளைப் பார்த்தார்கள், கையிலிருந்த வில்லையைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். எதிர்க்கடைக்காரர் அன்றைக்கு மலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, வளையலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த வளையலையே மறுபடி துடைத்தார்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். மூவரையும் கொல்லைக்கு அழைத்துப் போய்ப் புளி போட்டுத் தேய்த்தாள். பிறகு சீயக்காய், கடலைமாவு, எலுமிச்சம்பழம். கடைசியில் பெரியவர் தலையைக் கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "நூலுக்குப் போடற சாயம்ங்க இது. நல்ல சாயம். போவாது" என்றாள்.

அம்மா சொன்னது சரி. எதிர்க்கடைக்காரரின் மச்சான் அம்மையார்குப்பத்தில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். யுத்தத்தில் சந்தனக்கட்டை கிடைப்பது அரிதானதும், மச்சானிடம் மீந்த மஞ்சள் சாயத்தை வாங்கி, அரிசிமாவும் துளி அத்தரும் சேர்த்து வில்லை தட்டிவிட்டார். நூலில் அது கடைசிவரை மஞ்சளாகத்தான் இருக்கும். வெயிலில் வியர்க்கும் மொட்டையை எந்த நெசவாளரும் தறியில் ஏற்றிப் பார்த்ததில்லை. அதனால் பச்சையாகும் என்பது யாருக்கும் தெரியாது.

நகரிக்காரர்கள் பச்சைத் தலையோடு ஊருக்குப் போக வெட்கப்பட்டுச் சத்திரத்தில் தங்கிவிட்டார்கள். அம்மா தினமும் மோர் அனுப்பினாள். பச்சைத் தலைகளைவிடப் பெரிய கஷ்டம் மறுநாள் வந்தது. குளத்தங்கரையில் முடி எடுக்கும் கொட்டாயின் தலைவர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: "ஆடிக் கிருத்திகைக்கு யானை மார்க் வேணாம். இந்த யானையும் வேணாம், அந்த யானையும் வேணாம். அம்மாம் தலைங்க மத்தியில, யானை எங்க பாக்குதுன்னு பாத்துகினு இருக்க எனுக்கு நேரம் கெடையாது."

கிருத்திகைக்கு வருகிற காவடிக் கூட்டத்தில் மொட்டை போடும் அத்தனை பேருக்கும் அந்தக் கொட்டாயில்தான் சந்தனம் பூசுவார்கள். கிருத்திகை கைவிட்டுப் போனால் எங்களுக்கு அந்த வருஷமே போயிற்று. அதோடு, பச்சை என்றால் யானை, யானை என்றால் நாங்கள் என்று காளஹஸ்திவரை போய்ச் சேர்ந்துவிடும். படிக்கத் தெரியாதவர்கள் படத்தை மறப்பதில்லை. யானையால் எங்களுக்குக் கிடைத்த நன்மை அதுதான், இப்போது வந்த ஆபத்தும் அதுதான். எதிர்க்கடைக்காரர் படத்தை எடுத்துக்கொண்டார் என்றுதான் நினைத்திருந்தோம். அவருக்கு வரவேண்டிய திட்டெல்லாம் எங்கள் வாசலுக்கு வரும்படி வழியைத் திருப்பி விட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

நைனா அரக்கோணத்துக்கு வந்தார். ஆபீஸ் முடிந்ததும் அவரை ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன். வக்கீல் எங்கள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யானை சாமியுடையது. வேலும் சாமியுடையது. சந்தனம் காட்டுடையது. இதில் உங்களுடையது என்ன?"

நைனா யோசித்தார். "வாலுங்க" என்றார்.

"இந்தத் துடைப்பமா?"

"ஆங். இது என் பொண்ணு போட்டது."

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. யானையை யாரும் முழுசாகச் சொந்தம் கொண்டாட முடியாது, ஆனால் இப்படி நிற்கிற, இப்படி வால் வைத்த இந்த ஒரு யானையைக் கொண்டாடலாம் என்று விளக்கினார். இதற்கென்று புதுச் சட்டம் வந்திருக்கிறது, பம்பாயில் பதிவு ஆபீஸ் இருக்கிறது, மனுப் போடலாம், பதில் வர மாதக்கணக்கில் ஆகும். "அதற்குள் அவர் படமும் உங்கள் படமும் ஒன்றுதான், பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள் என்று காட்டிவிடுங்கள். அல்லது உங்கள் போட்டோவையே போட்டுவிடுங்களேன்? முகத்தை யாரும் காப்பி அடிக்க முடியாது."

போட்டோ யோசனை நைனாவுக்கு மிகவும் பிடித்தது. திரும்பும் ரயிலில் ஜன்னல் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பி முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டாள்: "வில்லைய எடுத்துகினு காகிதத்த இன்னா பண்ணுவாங்க?"

"போட்டுடுவாங்க."

"எங்க போடுவாங்க?"

நைனா மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மலைப்படி மொத்தமும் உங்க மூஞ்சி கெடக்கும். வர்றவன் போறவன் எல்லாம் மெரிச்சிகினு சாமி பாக்கப் போவான். வேணுமா?"

போட்டோ யோசனை அத்தோடு முடிந்தது.

எனக்கு வேறு வேலை இருந்தது. எங்கள் யானையை டிரேசிங் துணியில் எடுத்து, எதிர்க்கடை யானைமேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. துணி இரண்டு பக்கமும் தெரியும் துணி. திருப்பிப் போட்டு வைத்தேன். தும்பிக்கைமேல் தும்பிக்கை, பாலம்மேல் பாலம், துடைப்பம்மேல் துடைப்பம். அச்சுக்கட்டை செதுக்குகிறவர் படத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் காகிதத்தில் நேராக விழும். எதிர்க்கடைக்காரர் வேலை கொடுத்த ஆள் எங்கள் யானையைப் பார்த்தது பார்த்தபடியே செதுக்கியிருக்கிறார்; காகிதத்தில் அது திரும்பி விழுந்திருக்கிறது. வேல் தனிக் கட்டை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அது இருந்த இடத்திலேயே இருந்தது. ஆக, எதிர்க்கடை யானை பக்தியால் சாமியைப் பார்க்கவில்லை. செதுக்கியவரின் தவறால் பார்த்தது.

இத்தனை சுத்தமான நிரூபணம் எனக்கு ஆபீசில்கூட அமைந்ததில்லை. துணியைத் திருப்பித் திருப்பி நைனாவுக்குக் காட்டினேன். அவர் என்னைவிட அதிகமாகத் துள்ளினார். நைனா போய் முறையிட்டதில், கொட்டாய்த் தலைவர் இரண்டு கடைக்காரர்களையும் மறுநாள் வரச் சொல்லியிருந்தார். அங்கே இதை விரித்துவிடுவது என்று முடிவாயிற்று.

அம்மா வில்லை தட்டிக்கொண்டே, "அதாவது ரெண்டு யானையும் ஒண்ணுன்னு அத்தினி பேரு முன்னால நீ காட்டப் போற?" என்றாள்.

"ஆமாம்மா. ஒரு கோடுகூட மாறலை."

"ஒண்ணுன்னு ஆயிட்டா அந்தப் பச்சைத் தலை யாருது?"

நான் துணியைக் கீழே வைத்தேன்.

"யானை ஒண்ணுன்னா பச்சையும் ஒண்ணுதான். நம்ப வூட்டுக்கு நாமளே எடுத்தாந்த மாதிரி" என்றாள் அம்மா. "வேற வேறன்னு அந்த ஆளு வாயால சொல்லட்டும்."

"வக்கீலு ஒண்ணுன்னு காட்டச் சொன்னாருடி" என்றார் நைனா.

"வக்கீலு தலை பச்சையாவா கீது?"

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். துணியைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

கொட்டாய்த் தலைவர் வேலையை நிறுத்தாமலே விசாரிக்கிறவர். அவர் முன்னால் மணவூர்க்காரர் ஒருவர் பாதித் தலை மழித்த நிலையில் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கடைக்காரர் வெள்ளை வேட்டி கட்டி, மீசைக்கு இரட்டிப்பு எண்ணெய் போட்டு வந்திருந்தார். எங்கள் யானையைப் பார்த்துக் காப்பி அடித்ததாக நைனா சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்துப் பதிலைத் தயார் செய்து வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பாவா" என்றார் நைனா, மிகவும் சோகமாக. "உன் யானையும் என் யானையும் ஒண்ணு மாதிரியே கீதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

"எவன் பேசறான்?" எதிர்க்கடைக்காரர் இரண்டு காகிதத்தையும் கையில் தூக்கிப் பிடித்தார். "பாருங்க எல்லாரும். கண்ணு தெரியாதவன்கூடத் தடவிப் பாத்துச் சொல்லிடுவான். இவரு யானை சாமிக்கு முதுகு காட்டுது. என்னுது சாமியப் பாக்குது. இவருக்கும் எனுக்கும் இன்னா சம்பந்தம்?"

"அப்போ ரெண்டும் வேற?" என்றார் தலைவர், கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே.

"மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்ங்க!"

"மீதியையும் எடுத்துட்டு அப்புறம் பேசுங்க சாமி" என்றார் மணவூர்க்காரர். யாரும் கேட்கவில்லை.

அம்மா கொட்டாய் வாசலில் நின்றபடி, "அப்போ சாமியப் பாக்குற யானை எதுவா இருந்தாலும் அது உங்க கடையுதுதாங்களாண்ணா?" என்றாள்.

"என்னுதுதாம்மா! வேற எவனாவது அத்தப் போட்டான்னா கைய ஒடிச்சிடுவேன். என் மார்க்கு அது!"

எதிர்க்கடைக்காரர் அந்த நிமிஷத்தில் உண்மையாகவே கோபப்பட்டார். தன் சின்னத்தைக் காக்க ஒரு வியாபாரி எப்படிப் பேசவேண்டும் என்பதை அவரைவிட நன்றாக யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"வாங்க" என்று அம்மா வெளியே பார்த்துச் சொன்னாள்.

நகரிக்காரர்கள் மூவரும் வந்தார்கள். துண்டை எடுத்தார்கள். பெரியவர் தன் காகிதத்தைத் தலைவர் கையில் கொடுத்தார். தலைவர் அதைப் பார்த்தார், திருப்பினார், மறுபடி பார்த்தார்.

"யானை எங்க பாக்குது?" என்று மணவூர்க்காரரிடம் காட்டிக் கேட்டார்.

"சாமியத்தான்" என்ற மணவூர்க்காரர், மூன்று பச்சைத் தலைகளையும் அப்போதுதான் கவனித்தார். "ஐயா, எனுக்கு எந்தச் சந்தனம் பூசப் போறீங்க?" என்று பாதித் தலையோடு எழுந்துவிட்டார். இரண்டு பேர் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.

எதிர்க்கடைக்காரர் அந்தத் தலைகளை நெடுநேரம் பார்த்தார். "கொட்டாய் நெழலுக்கு அப்படித் தெரியுது" என்றார்.

"அப்படியா? வாங்க, வெயில்ல பாத்துடலாம்" என்றார் தலைவர்.

வெயிலில் இன்னும் பச்சையாக இருந்தது.

என் சுருளை நான் பிரிக்கவே இல்லை. பிரித்திருந்தால் அத்தனையும் கெட்டிருக்கும். பிறகு அம்மா அதை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியை எடுத்து, எனக்கு இரண்டு கைக்குட்டை தைத்துக் கொடுத்தாள், நல்ல துணி.

தலைவர் கொடுத்த தீர்ப்பு ஒரே வரி: முதுகு காட்டுகிற யானை உள்ளே, முகம் காட்டுகிற யானை வெளியே. நகரிப் பெரியவர் மட்டும் விடவில்லை. கல்யாணத்தில் மூன்று தலையை எப்படிக் காட்டுவது? எதிர்க்கடைக்காரர் அம்மையார்குப்பத்துக்கு ஓடி, மச்சானைக் கேட்டு, மூன்று தலைப்பாகைத் துணி கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் தலைப்பாகை, அதே சாயம். கல்யாணத்தில் மழை பெய்ததாம். தலைப்பாகையிலிருந்து ஒரு சொட்டு மஞ்சள் இறங்கவில்லை, சம்பந்தி வீட்டார் எங்கே வாங்கியது என்று விசாரித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அந்தக் கிருத்திகையில் எங்கள் யானை கொட்டாய் முழுக்க நின்றது. பம்பாய்க்கும் மனுப் போனது. பதில் வந்தபோது, யானையிலும் வேலிலும் தனித்தனியே எங்களுக்கு உரிமை இல்லை, இரண்டும் சேர்ந்த இந்த வடிவத்துக்கு மட்டும் உண்டு என்று இருந்தது. நைனா வாடிக்கையாளர்களிடம் அதைச் சுருக்கிச் சொன்னார்: "யானை சாமிக்கு. வாலு நமக்கு. சர்க்காரே எழுதிக் குடுத்துட்டாங்க."

எதிர்க்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. மச்சானிடம் போகாமல் நிஜச் சந்தனமாகவே வாங்கி, நேர்மையாக வில்லை தட்டினார். இனிமேல் யாரும் தன்னைக் காப்பி அடிக்கக்கூடாது, தானும் யாரையும் அடித்ததாகப் பேச்சு வரக்கூடாது என்று, பொட்டலத்தில் தன் போட்டோவையே போட்டுவிட்டார். முழு மீசையோடு. கீழே, இந்த முகம் இல்லாதவை போலி என்று இரண்டு பாஷையிலும் அச்சடித்திருந்தார். சரக்கு நன்றாகவே இருந்தது. 'மீசைக்காரர் சந்தனம்' என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். மலைப்படிகளெல்லாம் அவர் முகம் கிடந்தது. அம்மா மலை ஏறும்போது மிதிக்காமல் ஓரமாகப் பார்த்து நடந்தாள், அவ்வளவுதான்.

ஆனால் பச்சைத் தலை விவகாரம் நல்லபடி முடிந்தால் மொட்டை போடுவதாக அவர் சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தார். மொட்டை என்றால் மீசையும் சேர்த்து என்று வேண்டியிருக்கிறார். பயத்தில் வேண்டிக்கொள்கிறவர்கள் அளவு பார்ப்பதில்லை.

தை மாதத்தில் வேண்டுதலை முடித்துவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு வந்து கடையில் உட்கார்ந்தார். தெருவில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. கன்னம் இருந்தது, மூக்கு இருந்தது, ஆனால் ஆள் இல்லை. அன்றைக்கு ரயிலில் வந்திறங்கிய ஒரு கூட்டம் அவர் கடைமுன் நின்று, காகிதத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது.

"மீசைக்காரரு எங்கயா?"

"நான்தான்யா அது!"

"நீயா?" என்றாள் ஓர் அம்மாள். காகிதத்தை அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "மோசக்கார ஊருடா இது! இந்த மூஞ்சி இல்லாதது போலின்னு இதுலயே போட்டு கீதாம்ல?"

"எடுத்துட்டேம்மா, வேண்டுதலு!"

"ஆங், எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

அவர் தன் மூக்குக்குக் கீழே விரலால் மீசை மாதிரி வைத்துக் காட்டினார். கூட்டம் இன்னும் சந்தேகப்பட்டது. கடைசியில் எதிர்ப்பக்கம், எங்கள் கடையை, நைனாவைப் பார்த்தார்.

நைனா கொஞ்சநேரம் ஊதுபத்தியைச் சரிசெய்வது போலிருந்தார். அம்மா உள்ளேயிருந்து, "போங்க, போயிட்டு வாங்க" என்றாள். நைனா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து போனார். அந்த அம்மாள் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். படத்தைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரரின் மொட்டை முகத்தைத் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"ஆங்" என்றார். "இவருதான் அவரு. நான் தெனமும் பாக்கற மூஞ்சி. வாங்கிக்குங்க."

மீசை வளர்ந்து பழையபடி கன்னத்தில் சுற்றும்வரை, ரயில் வரும் நேரங்களில் நைனா எதிர்க்கடை வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். எங்கள் கடையை அந்த நேரத்தில் அம்மா பார்த்துக்கொண்டாள். யானைக்கு யாரும் சாட்சி கேட்கவில்லை.